சுலேகா தீதி பாட்டை நிறுத்திய இடம்

சுலேகா தீதி பாட்டை நிறுத்தினார்.

பேர்ணுக்குக் கிட்ட உள்ள துன் நகரில், ஏரிக்கரையை ஒட்டிய ஒரு தேவாலயத்தின் மண்டபம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். யன்னலால் வந்த வெயில் முன்வரிசைக்காரரின் சப்பாத்துகளில் விழுந்துகொண்டிருந்தது. எழுபது பேர் அளவில் இருந்தார்கள். கடைசி வரிசையில் இருந்த கனகண்ணையைத் தவிர எல்லோரும் வெள்ளைக்காரர். கனகண்ணை நாங்கள் இருவரும் வேலை செய்த ஹோட்டலின் வெயிற்றர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, யாராவது தன்னிடம் பியர் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அசையாமல் இருந்தார்.

மேடையில் மூன்று பேர். நடுவில் தீதி; வங்காளிகள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பின்னால் தம்புராவோடு அவருடைய கணவர் பீற்றர். வலப்பக்கத்தில் மிருதங்கத்தோடு நான். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது நடந்துகொண்டிருந்தது. வங்காளிப் பாட்டுக்கு யாழ்ப்பாணத்தான் மிருதங்கம் வாசிப்பது சரியா பிழையா என்று சொல்ல அந்த மண்டபத்தில் ஒருவரும் இல்லை.

நாலாவது பாட்டு, பெரிய பாட்டு. ஒரு வரியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தரமும் கொஞ்சம் வேறாகப் பாடிக்கொண்டு வந்தவர், அடுத்த வரிக்குப் போக வேண்டிய இடத்தில் நிறுத்தினார். பீற்றரின் தம்புரா மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

இது என்னுடைய முறை என்று நினைத்தேன். வாசிக்கத் தொடங்கினேன்.

இதை நான் எத்தனையோ கல்யாண வீடுகளில் சிரிப்புக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். கோப்பை கழுவப் போனவன் கச்சேரி செய்த கதை என்று தொடங்குவேன். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான் சொல்வேன்.

அன்றைக்குத் தீதியின் குரல் ஆபத்தில் இருந்தது. தொண்டைக்குள், குரல் வருகிற அந்த இடத்தில், ஒரு சின்ன இரத்தக் கொப்புளம். உரத்துப் பாடினால் வெடிக்கலாம், வெடித்தால் பாட்டு அவ்வளவுதான் என்று பேர்ணில் ஒரு டொக்டர் சொல்லியிருந்தார். அது அந்த மண்டபத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். தீதிக்கு, பீற்றருக்கு, எனக்கு.

போன வாரம் இந்தப் பத்தியில் குசினியில் கை வெந்த கதையை எழுதியதைப் படித்துவிட்டு, ‘மிருதங்கம் படித்த ஆள் என்கிறீர், அதைப் பற்றி ஏன் மூச்சே இல்லை?’ என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சரி, இந்த முறை கொஞ்சம் சிரிக்கவைப்போம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத எங்கே சிரிப்பது என்று எனக்கே பிடிபடவில்லை.

குசினிக்குள் ஒரு தலை

அந்த ஹோட்டல் ஏரியைப் பார்த்தபடி இருந்தது. நாங்கள் ஏரியைப் பார்க்கவில்லை. எங்களுக்குக் கிடைத்தது பின்பக்கத்துக் குசினி, அதன் மூலையில் கழுவும் தொட்டி. என்னைக் கூட்டிக்கொண்டு வந்து அந்தத் தொட்டியில் விட்டவர் கனகண்ணை. ஊரில் எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. துன்னில் நானும் அவரும் ஒரே அறை.

எனக்குக் கை சும்மா இருக்காது. ஏழு வருஷம் மிருதங்கம் படித்த கை. கோயில் திருவிழாக்களில், பள்ளிக்கூடப் பரிசளிப்புகளில் வாசித்திருக்கிறேன். அரங்கேற்றத்துக்கு நாள் பார்த்து, ஊர்க் குழப்பத்தில் அது தள்ளிப்போய், பிறகு நானே ஊரை விட்டுத் தள்ளிப்போய்விட்டேன். அதனால் பெரிய சூப் சட்டி கவிழ்ந்து கிடந்தால் அதில் நாலு தட்டுத் தட்டாமல் கழுவ மாட்டேன்.

“வேலைக்கு வந்த இடத்தில தாளம் போடாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்?” என்பார் கனகண்ணை. “செஃப் கண்டா விசர் எண்டுதான் நினைப்பான்.”

ஒருநாள் மத்தியானம் அப்படித் தட்டிக்கொண்டிருந்தபோது குசினிக் கதவால் ஒரு பெண்ணின் தலை எட்டிப் பார்த்தது. நரை கலந்த கூந்தல், பெரிய குங்குமப் பொட்டு, மஞ்சள் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை. அந்த ஊரில் நான் கண்ட முதல் சேலை. சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ இந்தியப் பெண்ணின் ஓவியங்களை மாட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர்தான்.

“அந்தத் தாளம் எட்டா?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“இல்லை. ஏழு.”

“இன்னொருமுறை வாசி.”

தட்டினேன். அவர் தொடையில் விரலால் எண்ணினார். ஏழு என்று ஒப்புக்கொண்டார். செஃப் ஓடிவந்து, சத்தத்துக்கு மன்னிக்க வேண்டும் என்று குழைந்தார். தீதி அவரைக் கவனிக்கவே இல்லை. என்னைப் பார்த்து, “ஞாயிற்றுக்கிழமை லீவா? வீட்டுக்கு வா. சுவரில் உன் சாமான் ஒன்று தொங்குகிறது” என்றார்.

நாங்கள் எப்போதும் கதைத்தது இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத இங்கிலீஷில்தான். ஆனால் என் ஞாபகத்தில் அவர் தமிழில்தான் பேசுகிறார். ஏன் என்று எனக்குத் தெரியாது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

அலங்காரப் பொருள்

அவருடைய வீடு ஏரிக்கு மேலே, பஸ் கடைசியாக நிற்கிற இடத்தில். பீற்றர் பள்ளிக்கூட வாத்தியார். மெதுவாகப் பேசுகிற, சப்பாத்தை வாசலில் சமாந்தரமாக வைக்கிற மனிதர். வாலிப வயதில் இந்தியா முழுக்கச் சுற்றியபோது சென்னையில் ஒரு மிருதங்கம் வாங்கிவந்து, அதை வரவேற்பறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார். அதன் வாருக்குள் காய்ந்த பூக்கள் வேறு செருகியிருந்தன.

எனக்குப் பொறுக்கவில்லை. கேளாமலே இறக்கினேன். தோல் காய்ந்திருந்தது, வார் தளர்ந்திருந்தது. நல்ல காலம், வலப்பக்கத்துக் கறுப்பு வெடித்திருக்கவில்லை. இடப்பக்கத்துக்கு ரவை குழைத்து அப்ப வேண்டும். இங்கே ரவைக்குக் கிறீஸ் என்று பெயர். ஹோட்டல் குசினியில் ஒரு பிடி கேட்டபோது, எதற்கு என்றார் செஃப். மேளத்துக்குச் சாப்பாடு என்றேன். எனக்குப் பைத்தியம் என்று செஃப் பார்த்த பார்வையில் கனகண்ணை சொன்னது சரியாகப் போயிற்று.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போனேன். இதற்கு முன் தீதிக்குத் தபேலா வாசித்தவர் லண்டனுக்குக் குடிபோய்விட்டாராம். மேளம் இல்லாமல் ஒரு வருஷமாகப் பாடிக்கொண்டிருந்தார். “மேளம் இல்லாவிட்டால் நேரம் போவது தெரிவதில்லை ஷிபு” என்றார் ஒருமுறை. என் பெயர் சிவநேசன். அவர் வாயில் அது ஷிபு.

பாடகியா, ஓவியரா?

அவருடைய கதையை ஒரே மூச்சில் அவர் சொன்னதில்லை. துண்டு துண்டாகச் சொன்னதை நான் பொருத்திப் பார்க்கிறேன். பொருத்தியதில் பிழை இருக்கலாம்.

பிறந்தது கிழக்கு வங்காளத்தில், ஆற்றங்கரைப் பட்டினம் ஒன்றில். நாடு பிரிந்தபோது சின்னப் பெண். குடும்பத்தோடு வள்ளத்திலும் ரயிலிலும் கல்கத்தா வந்து, சொந்தக்காரர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஆறு மாதம் படுத்தவர். நான் அகதி, என்னுடைய அவுஸ்வைஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற அட்டை என்று வெட்கத்தோடு சொன்னபோது, “எனக்கு அட்டையே தரவில்லை” என்று சிரித்தார்.

கல்கத்தாவில் ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டே வானொலியில் பாடினார். மூன்று இசைத்தட்டு வந்தது. ஒரு படத்துக்குப் பின்னணி பாடி, படம் வரும்போது அந்தப் பாட்டை வெட்டிவிட்டார்கள். ஓவியக் கண்காட்சிகளும் வைத்தார். வைத்தால், ஓவியர்கள் ‘நல்லாய்ப் பாடுகிற அம்மா படமும் கீறுகிறா’ என்பார்களாம். பாட்டுக்காரர் ‘ஓவியக்காரி பொழுதுபோக்குக்குப் பாடுகிறாள்’ என்பார்களாம். பிறகு ஒரு கண்காட்சிக்காக இந்தப் பக்கம் வந்து, பீற்றரைக் கண்டு, நின்றுவிட்டார்.

“இங்கே அந்தக் குழப்பமே இல்லை. நான் பீற்றரின் மனைவி. அவ்வளவுதான்” என்றார். பீற்றர் பக்கத்திலேயே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் முகம் கொஞ்சம் மாறியது. இது பகிடியா, குற்றச்சாட்டா என்று எனக்கு விளங்கவில்லை. அந்த வீட்டில் எனக்கு அடிக்கடி இப்படித்தான்.

படம் கீறும்போது பாடுவார். பாட்டுக்கூட இல்லை, ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சுரம் நிற்கிற வரைக்கும் தூரிகை போகும். மூச்சு முடிந்தால் கோடும் முடியும். அப்படியே பெரிய பெரிய நீலக் கோடுகள். சாப்பாட்டுக் கூடத்தில் அவற்றைப் பார்த்தவர்கள் ஏரி என்றார்கள், மழை என்றார்கள். அது அந்த அம்மாவின் மூச்சு என்று யாருக்குத் தெரியும்?

கனகண்ணையைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“ஓம், வடிவாத்தான் இருக்கு. எந்தப் பக்கம் மேல்?”

ஐந்திலிருந்து நாலுக்கு

மிருதங்கத்தைப் பாடுகிறவரின் சுருதிக்குச் சேர்க்க வேண்டும். விளிம்பில் கட்டையை வைத்துக் கல்லால் தட்டித் தட்டி ஏற்றலாம், இறக்கலாம். சுருதியின் உயரத்தையும் கட்டை என்றுதான் எண்ணுவோம்; நான் முதல் ஞாயிறு ஐந்து கட்டைக்குச் சேர்த்தேன். அடுத்த மாதம் நாலரைக்கு இறக்கச் சொன்னார். பனி உருகுகிற நேரம் நாலுக்கு வந்துவிட்டோம்.

பாடுகிறவரின் குரல் இறங்கிக்கொண்டே போவதை ஒரு வாத்தியக்காரன் கவனித்திருக்க வேண்டும். கவனித்தேன். தோல் பழசு, இறங்கினால் அதற்கு நல்லது என்று சந்தோஷப்பட்டேன். கழுதை.

கண்காட்சி தேவாலய மண்டபத்துக்கு மாறப்போகிறது, திறப்பு நாளில் தீதி பாடுவார், நீதான் வாசிக்கிறாய் என்றார்கள். எனக்குக் கால் தரையில் படவில்லை. கச்சேரி என்று சொல்லி முதல் முதலாக மேடை. அதுவும் வெளிநாட்டில். ஊருக்குக் கடிதம் எழுதினேன், கோப்பை கழுவுவதை எழுதாமல்.

கச்சேரிக்கு நாலு நாள் முன்பு பீற்றர் ஹோட்டலின் பின்கதவுக்கு வந்தார். பள்ளிக்கூட நேரத்தில் அவர் வெளியே வந்ததே எனக்கு ஆச்சரியம். கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, பாடம் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னார். கொப்புளத்தைப் பற்றி. அடுத்த கிழமை ஒப்பரேஷன் என்று. டொக்டர் பாடவே வேண்டாம் என்றார் என்று.

“அவள் கேட்கமாட்டாள். ஒருமுறை பாடிவிட்டுத்தான் படுப்பேன் என்கிறாள். அதனால் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். நாலு பாட்டு. மெல்லமாக. கடைசிப் பாட்டில் உச்சத்துக்குப் போகிற வரி ஒன்று இருக்கிறது, உனக்குத் தெரியும். அதைப் பாட மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். அதற்கு முதல் நிறுத்திவிடுவாள்.”

“சரி” என்றேன்.

“நீ வேகமாக வாசித்தால் அவளும் ஏறிவிடுவாள். உன்னை நம்புகிறேன்.”

“ஓம் ஓம், நான் பார்த்துக்கொள்ளுறன்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

தனி

இனி ஒரு சம்பிரதாயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் கச்சேரிகளில் பெரிய பாட்டு ஒன்று வரும். அதில் ஒரு இடத்தில் பாடகர் நிறுத்துவார். உடனே மிருதங்கக்காரன் தனியாக வாசிப்பான். அதுதான் தனி. யாரும் யாரிடமும் முன்கூட்டிச் சொல்வதில்லை, கேட்பதில்லை. பாட்டு நின்றால் கை தொடங்கும். முடிவில் ஒரே அடுக்கை மூன்று தரம் வாசித்து ஒரு இடத்தில் கொண்டுவந்து இறக்குவான். அந்த இடத்தில் பாடகர் விட்ட பாட்டை எடுத்தே ஆகவேண்டும்.

வங்காளிப் பாட்டில் இப்படி ஒன்றும் கிடையாது. எனக்கு அது தெரியாதா என்றால், தெரிந்திருக்க வேண்டும். மூன்று மாதமாக அவரோடு பழகியவன்.

ஏழு வருஷம் படித்தும் ஒரு தனி வாசிக்காதவன் நான். கோயிலில் பெரியவர்கள் வாசிக்கும்போது பக்கத்தில் இருந்து தாளம் போட்டவன். ஊரில் தனி தொடங்கினால் சனம் எழும்பிச் சோடா குடிக்கப் போகும், அது வேறு கதை. அந்தச் சோடாச் சனத்துக்கு முன்னாலாவது ஒருநாள் வாசிக்க வேண்டும் என்று எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன்.

மண்டபத்துக்குத் திரும்பி வருகிறேன். தீதி நிறுத்தினார். நான் தொடங்கினேன்.

ஒருவரும் எழும்பிப் போகவில்லை. அது என்னைக் கெடுத்துவிட்டது. எழுபது பேரும் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு என் விரல்களையே பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு கிழவி வாயைத் திறந்தபடி இருந்தார். கொஞ்சம் வாசித்துவிட்டு விடுவோம் என்று தொடங்கியவன் விடவில்லை. வேகத்தைக் கூட்டினேன். குரு சொல்லித்தந்தது, சொல்லித்தராமல் நான் ஒளித்து நின்று கேட்டது எல்லாம் வந்தது. பழைய தோல், ஆணியில் தொங்கிய தோல், அப்படிப் பேசியது. இன்றைக்கும் சொல்வேன், என் வாழ்க்கையில் நான் வாசித்த ஒரே நல்ல வாசிப்பு அதுதான்.

அந்த அடுக்கை மூன்று தரமும் வாசித்து, இறக்க வேண்டிய இடத்தில் இறக்கி, பழக்கதோஷத்தில் தீதியைப் பார்த்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியை எடுத்தார். பாட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த வரியை. மெல்லமாக அல்ல. முழுக் குரலில்.

நான் அதுவரை அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. மேலே போய், அங்கேயே நின்று, நின்ற இடத்தில் குரல் இரண்டாகக் கிழிந்து, காற்று மட்டும் வந்தது. அவர் விடவில்லை. காற்றாலேயே அந்த வரியை முடித்தார். சனம் அதைப் பாட்டின் ஒரு பாகம் என்று நினைத்தது. எழுந்து நின்று கை தட்டியது. கனகண்ணையும் கோட்டோடு எழுந்து நின்றார்.

தீதி நன்றி சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. சிரித்தபடி கை கூப்பினார். பீற்றர் தம்புராவை மெதுவாகக் கீழே படுக்க வைத்தார்.

நன்றாக வாசித்தாய்

என்னைக் காரில் கொண்டுவந்து ஹோட்டலில் இறக்கியவரும் பீற்றர்தான்.  தீதி முன் ஆசனத்தில் கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் இறங்கியதும் பீற்றரும் இறங்கி, கை கொடுத்து, “நீ மிக நன்றாக வாசித்தாய்” என்றார்.

அதே நிதானமான குரல். கோபம் என்றால் திட்டியிருக்கலாம். திட்டினால் தாங்கியிருப்பேன். இந்த நாட்டுக்காரரின் மரியாதைக்குள் என்ன இருக்கிறது என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பேர்ணில் ஒப்பரேஷன் நடந்தது. கொப்புளம் வெடித்துவிட்டது, வடு விழுந்துவிட்டது, பேச்சு வரும், பாட்டு வராது என்று டொக்டர் சொன்னாராம். ஹோட்டலில் மிச்சமாக இருந்த படங்களைக் கழற்ற வந்த பீற்றரிடம் செஃப் கேட்டுவந்து எனக்குச் சொன்னார். பீற்றர் குசினிப் பக்கம் வரவில்லை.

நான் போய்ப் பார்க்கவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். பஸ் தரிப்பு வரைக்கும் போய்த் திரும்பிவந்த ஞாயிறுகள் உண்டு. சூப் சட்டிகளில் தட்டுவதையும் விட்டுவிட்டேன். கனகண்ணைக்கு அது பொறுக்கவில்லை.

“நீ அவவின்ர கழுத்தில கத்தியே வச்சனி? அவ எதுக்குப் பாடினவ? பாடாமல் விட்டிருக்கலாமே.”

“நான் இறக்கினா அவ எடுக்கத்தானே வேணும் அண்ணை.”

“அது உங்கட யாழ்ப்பாணத்துச் சட்டம். அவ வங்காளி.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் என்னத்துக்கு வாசிச்சனி?”

 அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி வைக்க எழும்பினார். கொஞ்ச நேரம் கழித்து முதுகைக் காட்டியபடியே, “போய்க் கதை தம்பி. கதைச்சாத்தான் போகும்” என்றார்.

பேசுகிற குரல்

போனேன். செரிப்பழம் பழுத்திருந்த நாள். கதவைத் திறந்த பீற்றர் என் சப்பாத்தை வாங்கிச் சமாந்தரமாக வைத்தார். “அவள் வேலை செய்கிறாள்” என்று உள்ளே காட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

தீதி நிலத்தில் பெரிய கடதாசியை விரித்து அதன் மேல் குந்தியிருந்தார். தூரிகை போய்க்கொண்டே இருந்தது. சத்தம் இல்லை. ஒரு மூச்சு முடிகிற இடத்தைத் தாண்டி, இரண்டாவது மூச்சையும் தாண்டி, கடதாசியின் விளிம்பு வரைக்கும் கோட்டைக் கொண்டுபோய்விட்டு நிமிர்ந்தார். அந்தக் கோடுகள்தான் பிறகு அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன. ஃப்ரிபூர்க்கிலும் வேறு பெரிய நகரங்களிலும் கண்காட்சி வைத்தார்கள். அங்கே கொடுத்த தாளில் ஓவியர் என்று மட்டும்தான் போட்டிருந்தார்கள். பாடகி என்று இல்லை. ஒருவழியாகக் குழப்பம் தீர்ந்தது என்று அவர் சொல்லியிருப்பார். சொன்னாரா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அன்றைக்கு, “இரு ஷிபு” என்றார்.

பேச்சு வந்தது. ஆனால் அது அவருடைய குரல் இல்லை. தடித்து, கரகரத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் காற்று வந்தது.  பாதை முழுக்கப் பாடமாக்கி வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. எங்கள் சம்பிரதாயத்தை விளக்கிச் சொல்வது, தெரியாமல் செய்த பிழை என்று மன்னிப்புக் கேட்பது, அதுதான் திட்டம். அப்படிக் கேட்டிருந்தால் அவர் மன்னித்திருப்பார். நான் இரண்டு செரிப்பழம் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம்.

“தீதி, நீங்கள் நிப்பாட்டினாப் பிறகு உங்கட கை ரெண்டும் மடியிலயிருந்து எழும்பினது. கும்பிட. கச்சேரி முடிஞ்சுது எண்டு கும்பிட.”

“ம்.”

“நான் கண்டனான். கண்டிட்டுத்தான் வாசிக்கத் தொடங்கினனான்.”

கல்யாண வீடுகளில் நான் விட்டுவிட்டுச் சொல்கிற துண்டு உண்மையில் இதுதான். கொப்புளத்தைக்கூட ஒருவருக்கு ஒருவராகச் சிலருக்குச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. அந்தக் கைகளை நான் கண்டேன். கண்டதற்கும் தொடங்கியதற்கும் நடுவில் ஒரு தாளத்தின் அளவு நேரம் இருந்தது. அதற்குள் என்ன நினைத்தேன்? முறை என்று நம்பினேனா, நம்ப ஆசைப்பட்டேனா? எத்தனையோ முறை அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்விட்டேன். பிடிபடவில்லை.

தீதி தூரிகையைத் தண்ணீரில் அலசினார். நீலம் கரைந்து போகிற வரைக்கும் அலசினார்.

“நீ என் கையைக் கண்டாய் என்பதை நானும் கண்டேன்” என்றார்.

“பிறகு ஏன் தீதி பாடினீங்கள்? நீங்கள் கும்பிட்டிருக்கலாம். கச்சேரி என்ர தனியோட முடிஞ்சிருக்கும். ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது.”

“கும்பிடத்தான் இருந்தேன். நீ வாசித்து முடிக்கும் வரைக்கும் கையை மடியில் தயாராக வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.” கொஞ்சம் நிறுத்தி மூச்சு எடுத்தார். இவ்வளவு நீளமாகப் பேச அவருக்குக் கஷ்டமாக இருந்தது. “பீற்றர் நீ பிழை செய்தாய் என்கிறார். டொக்டர் நான் பிழை செய்தேன் என்கிறார். அவர்களுக்கு விளங்கவில்லை.”

“எனக்கும் விளங்கேல்லை.”

அவர் என் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கோப்பை கழுவி வெளிறிப்போன விரல்கள்.

“அப்படி ஒருவன் வாசித்துக் கொண்டுவந்து விட்டால், பாடாமல் இருக்க எனக்குத் தெரியாது” என்றார் அந்தப் புதுக் குரலில். “நீ அன்றைக்குக் கொஞ்சம் மோசமாக வாசித்திருக்கலாம் ஷிபு.”

இத்தனை வருஷத்தில் என் வாசிப்பை இதைவிட உயர்வாக ஒருவரும் சொன்னதில்லை. நான் அவருடைய கடதாசியில் கண்ணீர் விழுந்துவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.